மணல் மூட்டை இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

கும்மிடிப்பூண்டி,
திங்கட்கிழமை மத்தியானம்.

அன்பு மருமகள் மெர்சிக்கு அத்தை கன்னியம்மா எழுதுவது. ஓசூர் குளிர் உனக்குப் பழகிவிட்டதா? ஹாஸ்டல் சாப்பாடு எப்படி? இங்கே நான் நன்றாக இருக்கிறேன். மாமாவும் நன்றாக இருக்கிறார், மூக்குதான் வெயிலில் வெந்து தோல் உரிகிறது. ஏன் என்று கீழே எழுதுகிறேன், படித்தால் சிரிப்பாய்.

போனில் பேசலாம்தான். சாப்பிட்டாயா என்று நான் கேட்டதும் நீ அழுகிறாய், உடனே நானும் அழுகிறேன், மாமா போனைப் பிடுங்கி சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறார். பேச வந்தது அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். அஞ்சாவது படித்தவள் எழுத்து, தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

போன வாரம் உன் அம்மா ஏஞ்சலின் அண்ணி செவ்வாப்பேட்டையிலிருந்து வந்திருந்தார்கள். கடம்பத்தூர் பையன் ஸ்டீவன், வள்ளூர் கரண்டு ஆலையில் வேலை பார்க்கிறவன், உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டதைச் சொன்னார்கள். நீ அவனோடு ஒரு தடவை பேசிவிட்டு, பிறகு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதையும் சொன்னார்கள். எங்கள் இரண்டு பேர் முகத்தை நினைத்துத்தான் நீ வேண்டாம் என்கிறாய் என்று அண்ணி அழுதார்கள். காபி கொடுத்தேன், நாலு முருங்கைக்காய் பறித்துக் கொடுத்தேன், பஸ் ஏற்றி அனுப்பினேன். சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன். ஆனால் நேற்று நடந்ததை முதலில் சொன்னால்தான் உனக்கு அது விளங்கும்.

நேற்று நானும் மாமாவும் துளசியின் வண்டியில் போய்ப் பட்டணம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தோம். நான் தொட்டியில்!

அந்தத் தொட்டி மாமா வேலை பார்க்கிற உருக்காலைக்குப் பழைய இரும்போடு லாரியில் வந்ததும், உலையில் போடுவதற்குள் மாமா பார்த்து நிறுத்தியதும், என் பிள்ளை துளசி அதை எடைக்கு வாங்கி வந்து பழைய புல்லட்டோடு சேர்த்து சைடுகார் ஆக்கியதும் உனக்குத் தெரியும். பச்சை பெயிண்ட் அடித்தவளே நீதான். தொட்டியில் ஆள் இல்லாவிட்டால் இடது பக்கம் திரும்பும்போது அந்தச் சக்கரம் மேலே தூக்கிவிடும் என்பதும் தெரியும். நீ ஓசூர் போன பிறகு மாமா அதற்காக நீ உட்காரும் இடத்தில் ஒரு மணல் மூட்டையை வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூட்டையோடு பைபாஸ் வரை போய்த் திரும்புவார். ஓட்டாமல் வைத்தால் இஞ்சின் கெட்டுவிடும் என்பார். நானும் வேறு எதையும் கேட்டதில்லை.

நேற்றுக் காலையும் அப்படிக் கிளம்பினார். எதிர்வீட்டு முத்தம்மாள் வாய் உனக்குத் தெரியுமே. குடத்தோடு நடுத்தெருவில் நின்றுகொண்டு, என்னைக் கைகாட்டி, “இன்னா அண்ணே, மணல் மூட்டைக்கு வாரா வாரம் ஊர் சுத்திக் காட்டிக்கினு கீறியே, எங்கக்கா இன்னா பாவம் பண்ணிச்சி? வெயிட்டுதான் வோணும்னா எங்கக்கா மூட்டைக்கு மேலயே இருக்கும்” என்று கத்தினாள். தெருவே சிரித்தது. துளசியின் தலை திவசம் முடிந்து இத்தனை நாளில் எங்கள் வாசலில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை. மாமா மூட்டையைத் தூக்கி வேலி ஓரம் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, “ஏறு” என்றார்.

அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கிறது என்றேன். அணைச்சிட்டு ஏறு என்றார். எங்கே என்றதற்கு, பட்டணம் என்றார். நான் நல்ல புடவைகூட மாற்றவில்லை. தலையில் ஹெல்மெட்டை வைத்து, முந்தானை சக்கரத்தில் மாட்டாமல் இருக்கச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். உனக்கு எத்தனை தடவை செருகிவிட்டிருப்பேன், எனக்கு நானே செருகிக்கொண்டது நேற்றுதான்.

தொட்டியில் உட்கார்ந்தால் ரோடு எவ்வளவு கிட்டத்தில் ஓடுகிறது, மெர்சி! நீ இதைச் சொல்லவே இல்லையே. கவரப்பேட்டை தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். பக்கத்தில் வரும் லாரியின் சக்கரம் நம் தலைக்கு மேலே இருக்கிறது. செங்குன்றத்தில் சிக்னலில் நின்றபோது ஒரு அம்மா கூடையோடு வந்து, வஞ்சிரம் இருக்கிறதா என்று தொட்டிக்குள் எட்டிப் பார்த்தது. மீன் வண்டி என்று நினைத்துவிட்டதாம். மாமா சிரிக்காமல், “வஞ்சிரம் தீந்துபோச்சிம்மா, இது ஒண்ணுதான் மிச்சம்” என்று என்னைக் காட்டினார். இந்த ஆளுக்கு இவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று எனக்கே மறந்துபோயிருந்தது.

சென்ட்ரல் கிட்ட வந்ததும் மாமா வண்டியை மெதுவாக்கி, வேறு வழியாகப் போகட்டுமா என்று கேட்டார். எதிரில் பெரிய ஆஸ்பத்திரி. பட்டணம் என்றால் நமக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. காமாலை முற்றிப் பிள்ளை உள்ளே கிடக்க, நீயும் நானும் வெளியே பாய் போட்டுப் படுத்திருந்த இடம். நேராகவே போங்கள் என்றேன். போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இந்தப் பக்கம் திரும்பினேன். சிவப்பாக, மேலே கடிகாரத்தோடு, அரண்மனை மாதிரி ஒரு கட்டிடம். சென்ட்ரல் ஸ்டேஷன்தான். அத்தனை நாள் அதற்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தோமே, நீ அதைப் பார்த்தாயா? நான் நேற்றுதான் பார்த்தேன். அவ்வளவு அழகு.

அப்புறம் கோட்டைக்குப் போனோம். சுவர் என்ன தடிமன் தெரியுமா! உள்ளே ஒரு மாதா கோயில், வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, அங்கே உன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டேன். பிறகு ஹைகோர்ட்டு. லீவு நாள், கேட்டு மூடியிருந்தது, வெளியில் நின்றே சிவப்புக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டு மோர் குடித்தோம். அங்கேதான் ஒரு கூத்து நடந்தது.

வடக்கத்திப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். அந்தப் பெண்ணுக்கு முழங்கைவரை சிவப்பு வளையல், மருதாணி இன்னும் மங்கவில்லை. வாடகைக்கு ஊர் சுற்றிக் காட்டும் வண்டி என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பெண் கேட்காமலே தொட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பையன் பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.

உன் இடத்தில் உன் வயசில் ஒரு புதுப்பெண். இறங்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அது என்னைப் பார்த்துச் சிரித்தது. அதன் துப்பட்டா சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. என் கை என்னைக் கேட்காமலே போய் அதை எடுத்துச் சுற்றி இடுப்பில் செருகிவிட்டது. அப்புறம் எப்படி இறங்கு என்று சொல்வது? ஒரு ரவுண்டு கூட்டிக்கினு போயிட்டு வாங்க என்று மாமாவிடம் சொன்னேன்.

மாமாவுக்குத் தெரிந்த இந்தி பீகார் பையன்களோடு இரும்பு தரம் பிரிக்கிற இந்திதானே. அதிலேயே ஊரைக் காட்டியிருக்கிறார். ஹைகோர்ட்டைக் காட்டி, பழசு என்றாராம். ஆர்மீனியன் தெரு கோயிலைக் காட்டி, இன்னும் பழசு என்றாராம். பெரிய தபால் ஆபீசைக் காட்டி, கனம் ஜாஸ்தி என்றாராம். திருப்பத்தில், “ஹட்டோ, ஹட்டோ, கரம் ஹை”, அதாவது விலகு, சூடு என்று உலைக்கு முன்னால் கத்துகிற மாதிரியே ஆட்டோக்காரர்களைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். ஜனங்களும் சூடான இரும்பு வருகிறது என்று நினைத்தோ என்னவோ ஒதுங்கிவிட்டார்களாம். திரும்பி வந்து அந்தப் பெண் அதையெல்லாம் கையாட்டிச் செய்து காட்டிச் சிரித்தது. காசு நீட்டினார்கள், மாமா வாங்கவில்லை. அந்தப் பெண் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டது. நூறு வருஷம் ஒண்ணா இருங்க என்று என் வாயில் வந்துவிட்டது. உங்கள் கல்யாணத்தில் சொன்ன அதே வார்த்தை. பலிக்காமல் போன வார்த்தையை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிவிட்டோமே என்று பயந்தேன். ஆனால் அது சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போயிற்று. வார்த்தையில் என்ன தப்பு இருக்கிறது, மெர்சி? அதை இன்னொரு தடவை சொல்லலாம் என்றுதான் தோன்றியது.

அப்புறம் பீச் ரோடு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பழைய பழைய பெரிய கட்டிடங்கள். மாமா விட்டார் பார் ஒரு வேகம். காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து விசில் அடிக்கிறது, பஸ்ஸில் போகிறவர்கள் கை காட்டுகிறார்கள், நானும் ராணி மாதிரி கை காட்டுகிறேன், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். கலங்கரை விளக்கம் வந்தபோதுதான் உறைத்தது, ஹைகோர்ட்டிலிருந்து அதுவரை நான் துளசியை நினைக்கவே இல்லை.

இவ்வளவு நேரம் பிள்ளையை எங்கே விட்டுவிட்டோம் என்று தேடினேன். அவன் எங்கேயும் போகவில்லை. நினைத்த உடனே வந்துவிட்டான். கோபம்கூட இல்லை. மறந்தால் போய்விடுவான் என்று பயந்துதான் இத்தனை நாள் ஒரு நிமிஷம்கூட விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். நீயும் அதனால்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். விட்டுப் பார்த்தேன் கண்ணு, போகவில்லை.

சாந்தோம் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெளியே வந்தால், மாமா வண்டியைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், எண்ணூர் ரோட்டில் திரும்பலாமா என்றார். அது சுற்று வழியாச்சே என்றேன். “கோட்டை பாத்தாச்சி, கோர்ட்டு பாத்தாச்சி, அப்படியே வள்ளூர்ல மாப்பிள்ளையையும் பாத்துட்டுப் போயிடலாம்” என்றார். மாப்பிள்ளை என்ற வார்த்தை அவர் வாயிலிருந்துதான் முதலில் வந்தது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன்னைக் கேட்காமல் போனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஆலை கேட்டுக்கு எதிரில் டீக்கடையில் நின்றோம். ஷிப்டு விடும் நேரம். யாரைப் பிடித்து விசாரிப்பது என்று மாமா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சாப்பாட்டுப் பையோடு வந்த ஒரு பையன் ரோட்டு நடுவில் அப்படியே நின்றுவிட்டான். கிட்டே வந்து, “இது துளசி அண்ணன் வண்டிதானே?” என்றான். எங்களைக் கேட்கவில்லை, வண்டியைத்தான் கேட்டான். அப்புறம்தான் எங்களைப் பார்த்து வேர்த்துப்போய், வாங்கம்மா, வாங்கப்பா என்றான்.

ஸ்டீவன்தான் அது. ஆள் உயரம் கொஞ்சம் கம்மிதான். மூஞ்சியெல்லாம் கரிப்பொடி, சிரித்தால் பல் மட்டும் தெரிகிறது. உனக்கு எப்படித் தெரியும் இது துளசி வண்டி என்று கேட்டேன். “அவங்க எங்கிட்ட பேசினதே இதைப் பத்திதான்மா. ஒரு மணி நேரம் பேசினோம்னா முக்காவாசி அண்ணனும் இந்த வண்டியும்தான். எனக்குக் கேக்க நல்லாத்தான் இருந்துச்சி. இன்னும் பேசுவாங்கன்னு பாத்தேன், வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க” என்றான். மாமா டீ வாங்கப் போனவர் ரொம்ப நேரம் திரும்பவில்லை. கடைக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். வந்ததும் அவனைத் தொட்டியில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு அடித்தார். சாப்பாட்டுப் பையை மடியில் கட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவன் கூட்டாளிகள் எல்லாம் விசில் அடித்தார்கள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

மெர்சி, உனக்கு வேறு நல்ல பையன்கள் கிடைக்கலாம். பழசை மறந்துவிடு என்று சொல்கிற நல்ல பையன்கள். இவன் உன்னைப் பேசவிடுகிறவன். அவன் வீட்டில் என் பிள்ளை பெயரை நீ பயப்படாமல் சொல்லலாம். எங்களுக்கு அது போதும்.

வேறு வீட்டுக்கு வாழப் போனால் அத்தையை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது, வந்து பார்க்கலாமா கூடாதா என்று உன் அம்மாவிடம் கேட்டாயாம். இதற்காகவா அவனை வேண்டாம் என்றாய், பைத்தியமே? அம்மா என்று மாற்றாதே, உனக்கு அம்மா இருக்கிறார்கள். அத்தை என்றே கூப்பிடு. நீ எந்த வீட்டில் இருந்தாலும் நான் அத்தைதான். வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வா. அவனுக்கு நான் என்ன முறை என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வாய் சோறு போட்டால் அவனே ஏதாவது ஒன்று கூப்பிட்டுவிட்டுப் போகிறான்.

இன்றைக்கே உன் அம்மாவுக்குச் சொல்லிவிடு, சரி என்று. வயிறாரச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, சிரிப்பு வந்தால் அடக்காதே கண்ணு.

உன் அத்தை,
கன்னியம்மா