சக்தியின் காதுகுத்துக்கு மடி தர வேண்டியவளுக்கு

ஆலத்தியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

என் தங்க மகள் மணிமொழிக்கு அம்மா ஆண்டாயி எழுதுவது. இங்கே நான், அப்பா, பெரம்பலூரில் அக்கா, மாப்பிள்ளை, குட்டி சக்தி எல்லாரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது எப்போதும் தனிக்கட்சி. நீ கௌகாத்தியில் நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், குளிருக்குச் சாக்ஸ் போடுகிறாய் என்பதை மட்டும் நம்பவில்லை. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனை எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், நான் உன்னிடம் பேசுவதற்குள் தெருவே பேசிவிடுகிறது. போன மாதம் உனக்கு மலச்சிக்கல் என்று சொன்னாயே, அரை மணி நேரத்தில் எதிர்வீட்டு வைத்திலிங்கம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார். உனக்காகக் கொண்டுவந்தது, அப்பா தின்று தீர்த்தார். அதுவுமல்லாமல் நான் திட்ட ஆரம்பித்தால் நீ டவர் இல்லைம்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்கு டவர் வேண்டாம். இதில் முக்கியமான சேதியே திட்டுதான், உட்கார்ந்து கடைசிவரை படி.

நீ அக்காவிடம் சொன்னதை அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். சண்டை வேணாங்க்கா, காதுகுத்துக்கு நான் வேட்டி சட்டையிலயே வந்துடுறேன், ஒரு நாள்தானே, முடியைத் தொப்பியில மறைச்சுக்குறேன் என்றாயாம். கேட்டபோது நான் கையில் கரண்டியோடு நின்றேன், அப்படியே நின்றேன், குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அப்பா அந்தக் குழம்பை ஊற்றித் தின்றுவிட்டு இன்னைக்கு வாசனையா இருக்கே என்றார், மூக்கும் போய்விட்டது போல. நீ நல்ல மனசோடு சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் யோசனை உன்னுடையது இல்லை. அது அய்யம்பெருமாள் பெரியப்பாவின் யோசனை, சுற்றிச் சுற்றி உன் வாய்க்கு வந்திருக்கிறது. என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், அக்கா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பாள்.

சக்திக்கு மாசியில் மூன்று வயது. கல்லங்குறிச்சி பெருமாளுக்கு மொட்டை வேண்டுதல், கையோடு அங்கேயே காதும் குத்திவிடலாம் என்று பேசி முடிவு செய்ய எல்லாரும் நம் வீட்டில் கூடினோம். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், அது நம் வழக்கம். அக்காவோடு கூடப் பிறந்தது நீ ஒருத்திதான். அங்கேதான் பெரியப்பா தொண்டையைச் செருமினார். அவர் அப்பாவுக்குப் பெரியப்பா மகன்தான், ஆனாலும் நம் வகையறாவில் எந்த வழக்கம் எப்படி என்று சொல்லும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டு முப்பது வருஷமாகிறது, யாரும் கொடுக்கவில்லை. நான் உங்கள் மகன் இல்லை, மகள் என்று நீ வெளியே சொன்ன நாளிலிருந்து உன்னை ஆம்பளை ஆம்பளை என்றே சொல்லிக்கொண்டு இருந்தவர் அவர். சரிங்க மாமா, உங்க கணக்குலயே வரேன், ஆம்பளைன்னா அதுதான் தாய்மாமன், மாலையைப் போட்டு மேளத்தோட கூட்டிக்கிட்டு வாங்க, சேலை கட்டியிருந்தா மாமன் முறை மாறிடுமா என்று கேட்டேன். சேலையில வந்தா அது மாமன் இல்ல என்றார். அப்ப பொம்பளையா என்றேன். அதுவும் இல்லம்மா என்றார். அப்ப என்னதாங்க என்றேன். வெத்தலையை மென்று முழுங்கிவிட்டு, என்னவா வேணாலும் இருந்துக்கட்டும், வெளியூர்ல இருந்துக்கட்டும், நம்ம ஊருக்கு வந்தா வேட்டியோட வரட்டும், முதல் மரியாதை நானே பண்றேன் என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் ஆமாம் போட்டார்கள். உன் அக்கா சத்யா காபித் தம்ளரை அவர் முன்னால் வைத்த சத்தத்தில் கோழி எழுந்து ஓடிவிட்டது.

அத்தோடு விட்டாரா? முடிவை நான் மாற்றிவிடுவேன் என்று பயந்துபோய் மறுநாளே பெரம்பலூர் போய் ப்ளெக்ஸ் ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார். போர்டு வைத்துவிட்டால் ஊருக்குச் சொன்ன மாதிரி, அப்புறம் எவரும் பேச முடியாதாம். ஆனால் உன்னுடைய பழைய போட்டோ ஒன்றும் அவரிடம் இல்லை. அவர் மகன் செந்தில்குமார் உன் வாட்ஸப் படத்தையே எடுத்துக் கொடுத்திருக்கிறான். தாய்மாமன் என்றதும் அந்தக் கடைக்காரர் எல்லாத் தாய்மாமனுக்கும் வைக்கிற கோட்டு சூட்டை உனக்கும் வைத்து, முறுக்கு மீசையும் வைத்து, பின்னால் இரண்டு சிங்கத்தை நிறுத்திவிட்டார். காதையும் தலையையும் பார்க்க மறந்துவிட்டார். காலையில் பஸ் ஸ்டாப்பில் பார்க்கிறேன், ஜிமிக்கி, நெற்றியில் பொட்டு, தலையில் மல்லிகைப்பூ, நடுவில் மீசை, கீழே தாய்மாமன் அழைக்கிறார் என்று எழுத்து. டீக்கடையில் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்துக்கொண்டு இருந்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் கண்ணைப் பார்த்தேன். அது உனக்கு பேங்க்கில் வேலை கிடைத்த அன்று எடுத்த படம், சந்தோஷத்தில் கண் கலங்கியிருப்பாயே, அந்தக் கண். அதன் கீழே மீசையை வைத்திருக்கிறார்கள் மணிமொழி. நேராக வீட்டுக்கு வந்து அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். அரிவாளோடு போனதால் ஊர் என்னென்னமோ நினைத்துவிட்டது, நான் கயிற்றைத்தான் அறுத்தேன். ஏணியைப் பிடித்தது யார் தெரியுமா, பெரியப்பா பெண்டாட்டியேதான். அவருகிட்ட சொல்லிராதடி என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள், இப்போது உனக்குச் சொல்லிவிட்டேன், நீ யாரிடமும் சொல்லாதே. உன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து மீசையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தேன், மீசை போகவில்லை, மூக்குப் போய்விட்டது. சிங்கங்கள் ஆட்டுக்கொட்டகை மேலே கிடக்கின்றன, ஆடுகள் கொஞ்சமும் மதிக்கவில்லை.

அன்று சாயந்திரமே அக்கா எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள், என் புள்ள என் தங்கச்சி மடியிலதான் உக்காரும், இல்லாட்டி காது குத்தவே வேணாம், கம்மல் போடாம வளந்துட்டுப் போவுது என்று. மாப்பிள்ளை பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாராம், அவருக்கு அது பெரிய பேச்சு. எனக்குச் சம்பந்தியம்மா குஞ்சம்மாளை நினைத்துத்தான் பயம். கோயில் குளம் விடாத பொம்பளை, என்ன சொல்லுமோ என்று அப்பாவும் நானும் பெரம்பலூர் போய் அந்த அம்மா எதிரில் பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சீர்த்தட்டு யார் கொண்டாருவா என்று ஒரே கேள்வி கேட்டது. மணிமொழிதாங்க என்றேன். அப்ப அதும் மடியிலதான குத்தணும், சீரை ஒருத்தருகிட்ட வாங்கிக்கிட்டு மடியை இன்னொருத்தருகிட்டயா கேப்பாங்க, ஆனா தட்டுல அதிரசம் மட்டும் கொறையக் கூடாது என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டது. அதனால் அதிரசத்துக்கு மாவு இடிக்கச் சொல்லியிருக்கிறேன், நீ வந்து சுடும்போது உதவு. போனதடவை நீ சுட்டது வட்டமாகவே வரவில்லை.

நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய், இந்த ஊர்ல என்னம்மா இருக்கு, என்கூடவே வந்துடுங்களேன் என்று. வரமாட்டேன் கண்ணு. எனக்கு இந்த ஊர் பிடிக்கும். சிமெண்ட் லாரி போகும் புழுதியும் பிடிக்கும், சின்ன வெங்காயம் அறுக்கிற நாளில் காடெல்லாம் பொம்பளைகள் பேசுகிற பேச்சும் பிடிக்கும், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவனவன் அரியலூர் அரியலூர் என்று கத்துகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். அப்பாவை வரப்பில் பாம்பு கடித்தபோது தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடியவர் யார்? அய்யம்பெருமாள் பெரியப்பாதான். செருப்புக்கூடப் போடாமல் ஓடினார், ஆஸ்பத்திரி வாசலில் எங்களோடு அழுதார். அதே மனுஷன்தான் உன் முகத்தில் மீசை வைத்தார். இவர்களை வெறுத்துவிடவும் எனக்கு வரவில்லை, சும்மா விட்டுவிடவும் வரவில்லை. என் ஊர் என்பதால்தான் சண்டை போடுகிறேன், பக்கத்து ஊராக இருந்தால் எனக்கென்ன போச்சு என்று வெங்காயம் உரித்துக்கொண்டு இருப்பேன். நீ ஒரு நாள்தானே என்கிறாய். ஒரு நாள் நீ வேட்டியில் வந்து நின்றால் அந்த ஒரு நாளைத்தான் காலத்துக்கும் பேசுவார்கள், பாத்தியா, சொன்னா கேட்டுக்குது, இத்தனை நாளும் வேசந்தான் என்று. உனக்குப் பின்னால் இந்த ஊரில் இன்னொரு பிள்ளை உன்னை மாதிரி வாயைத் திறந்தால் அதற்கும் அந்த வேட்டியைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

அதனால் பத்திரிகை அடித்தாயிற்று. இதோடு ஒன்று வைத்திருக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள். மடியில் அமர்த்திக் காதணி அணிவிப்பவர் சித்தி செல்வி ரா. மணிமொழி என்று சிவப்பு எழுத்தில் போடச் சொன்னேன், ரோஸ் கலரில் போட்டுவிட்டார்கள், பரவாயில்லை. முதல் பத்திரிகையை மஞ்சள் தடவி பெரியப்பா வீட்டுக்கே கொண்டுபோனேன். இரண்டு தடவை படித்தார். நான் வரமாட்டேன் என்றார். சரிங்க என்று திரும்பினேன். வாசல்வரை விட்டுவிட்டு, பந்தலும் சேரும் என் கடையில இருந்துதான் வரணும், வெளியில எடுத்தீங்கன்னா அப்புறம் நான் பொல்லாதவனாயிடுவேன் என்று கத்துகிறார். அவர் கடையில் சேரை அவரே வந்து எண்ணிக் கொடுப்பார், அவரே வந்து எண்ணி வாங்குவார், வேறு யாரையும் நம்பமாட்டார். வராமல் எப்படி இருக்கப் போகிறார் என்று பார்க்கிறேன். அவர் தம்பி வீட்டிலும் இன்னும் இரண்டு வீட்டிலும் பத்திரிகையைக் கையில் வாங்கவில்லை. உனக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன், மூடி மறைக்கவில்லை. அவர்கள் பங்கு அதிரசத்தை நாம் தின்போம்.

போன பொங்கலுக்கு வந்தபோது காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, கொல்லைப்பக்கமாக வந்தாயே, அது இந்தத் தடவை வேண்டாம். சென்னையில் இறங்கி பஸ்ஸில் பெரம்பலூர் வா, பகலில் வா. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஏறு, பொம்பளைகளுக்குப் போலவே உனக்கும் டிக்கெட் காசில்லை, அரசாங்கமே கொடுக்கும்போது நீ எதற்கு விடுகிறாய். ஜன்னலோரம் உட்கார். யாராவது முறைத்தால் நீயும் முறை, சிரித்தால் பெயரைக் கேட்டு வைத்துக்கொள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். தனியாக வர மனசு வரவில்லை என்றால் சொல், நானும் அப்பாவும் பெரம்பலூரிலேயே வந்து நிற்கிறோம்.

இன்னும் ஒன்று. நேற்று சக்தியை மடியில் வைத்துக்கொண்டு, உன் காதை யாரு மடியில உக்காந்து குத்திக்கப் போறே என்று கேட்டேன். சித்தி என்றாள். மாமா மடியில உக்காரலாமா என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். எந்த மாமா என்று கேட்டாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளாக நீ சித்திதான், போனில் உன் வளையலைக் காட்டச் சொல்லி அடம் பிடிக்கிறவள். ஊசியைப் பார்த்ததும் அழுவாள், எந்தப் பிள்ளை அழாது, அப்போது தெரிந்த முகம் ஒன்று வேண்டாமா? நீ வேட்டி கட்டித் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பெரியப்பாவுக்கு உன்னைத் தெரியும், ஊருக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு நீ யாரென்று தெரியாது. தெரியாத ஆள் மடிக்கு அவளை நான் தரமாட்டேன்.

கல்லங்குறிச்சி பெருமாள் உனக்குத் துணை இருக்கட்டும், உன் கண்ணில் தூசிகூட விழக் கூடாது, என் ஆயுசில் பாதியை எடுத்துக்கொண்டு நீ நன்றாக இரு. லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு, கடைசி நேரத்தில் மேனேஜர் தரவில்லை என்று சொல்லாதே. அரக்குச் சேலையை எடுத்துவைத்துக்கொள், அதற்கு ஏற்ற ரவிக்கையை நான் இங்கே தைத்துவைக்கிறேன், அளவு மட்டும் அனுப்பு, அளவை வாட்ஸப்பில் அனுப்பு, போனில் சொன்னால் வைத்திலிங்கத்துக்குத் தெரிந்துவிடும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா ரா. ஆண்டாயி

(அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டுமாம்: ராசாங்கம். முழங்கால் தைலம் வாங்கி வரவும்.)