ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்கள்

ஜூன் 3, செவ்வாய்

குழந்தைகள் வார்டுக்கான மருந்து அளவுக் கையேடு முடிந்தது. 5.0 என்று இருந்தால் அவசரத்தில் ஐம்பது என்று படித்துவிடுவார்களாம். கடைசியில் வரும் புள்ளி, பூஜ்யத்தை எல்லாம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். நானூறு பக்கம். கணினியில் குறியீடு கொடுத்துத் தேடும் வடிவத் தேடலைப் போட்டு .0 என்று அடித்தேன், மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டேன், 'எல்லாவற்றையும் மாற்று'. 1,312 இடங்களில் மாற்றப்பட்டது என்று வந்தது. அலுவலகத்தில் எனக்கு மின்னல் என்று பெயர் வைத்தது சும்மாவா?

ஜூன் 5, வியாழன்

சோதனைப் பிரதிகள் பத்தும் வார்டுக்குப் போயின. திங்கள் முதல் பயன்படுத்துவார்கள். அங்கே அண்ணிதான் தலைமை நர்ஸ். இந்த வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்ததும் அவர்தான். அடுத்த வாரம் வேலை நிரந்தரம் என்கிறார் மேலாளர்.

ஜூன் 6, வெள்ளி

என்ன காரியம் செய்துவிட்டேன்.

ஒரு பக்கத்தில் 0.5 இருக்க வேண்டிய இடத்தில் .5. முன்னால் இருந்த பூஜ்யத்தை யார் எடுத்தது? நான்தான். புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோடு (\) போடவில்லை. அது இல்லாவிட்டால் வடிவத் தேடலில் புள்ளி என்றால் எதுவும்தான் — எழுத்து, எண், வெற்றிடம்கூட. ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் முன்னால் நின்ற ஒன்றையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. 250 மி.கி. இப்போது 2 மி.கி. 150 வெறும் 1. நாற்பது சொச்சம் வர வேண்டியது 1,312 என்று வந்தபோதே உறைத்திருக்க வேண்டாமா? ஒரு பக்கமாவது புரட்டிப் பார்த்தேனா?

ஜூன் 7, சனி

மூன்று முறை போனை எடுத்து எடுத்து வைத்தேன். நான்காவது முறை பேசிவிட்டேன்.

"அண்ணி, அட்டை கலர் சரியா வரல. பத்தையும் திருப்பி வாங்கிக்கறேன்."

"அட்டை நல்லாத்தானே இருக்கு? வேற ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

வாய் கூசாமல் சொன்னேன். ச்சே.

மாலை —

நாளைக்குப் பிரதிகள் கைக்கு வந்துவிடும், யாருக்கும் தெரியாது. அப்புறம் ஏன் வீட்டுக்குள் இப்படி நடந்துகொண்டே இருக்கிறேன்? எந்த நர்ஸாவது ஒரு பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால்?

ஜூன் 8, ஞாயிறு

அண்ணி வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன். படம் எடுத்திருந்தால் அழிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அண்ணி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"வியாழக்கிழமையே பாத்துட்டேன். யார் கைக்கும் போகல, அன்னிக்கே பீரோல வெச்சுப் பூட்டிட்டேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன். தப்பு யாருக்கும்தான் வரும். நேத்து அட்டைன்னு சொன்ன பாரு, அதுதான் தாங்கல."

ஜூன் 9, திங்கள்

மேலாளரிடம் சொன்னேன். நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப் போயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

பழைய கோப்பை எடுத்து மறுபடி முதலிலிருந்து. இந்த முறை \.0(?!\d) — அசல் புள்ளி, பூஜ்யம், அதன் பின் வேறு எண் வரக் கூடாது. இல்லாவிட்டால் 2.05 இருபத்தைந்தாகிவிடும். முதலில் எண்ணிக்கை மட்டும் பார்த்தேன்: 41.

அண்ணி மூலப் பிரதியோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடவில்லை, தானாகவே வந்தார். அவர் அளவை வாசிப்பார், நான் திரையில் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றுவேன். பதினேழாவதில் கை பரபரவென்று முன்னால் ஓடிவிட்டது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இரு மின்னல். நான் இன்னும் வாசிக்கல."