திரும்பி வந்த மின்னஞ்சலுக்குத் தபாலில் ஒரு கடிதம்

பாலையூற்று,
திருகோணமலை.
09.08.2025

அன்புள்ள கிருஷாந்தன் அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நீங்களும் லண்டனில் சுகமாக இருப்பீர்கள். உங்கள் சேர்வருக்குத்தான் சுகமில்லை.

கடதாசியில் எழுத வைத்தது நீங்கள்தான். சங்கத்தின் புது முகவரியிலிருந்து உங்கள் கம்பனிக்கு மூன்று தரம் மின்னஞ்சல் போட்டனான். மூன்றும் திரும்பி வந்தன. வட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள்.

சல்லி ஊர்க் கரையில் கருவாடு போடுகிற இருபத்திமூன்று பெண்களின் சங்கம் இது. பழைய மின்னஞ்சல் முகவரி ஆங்கில எழுத்து. அதைத் திறக்கத் தெரிந்தவர் செயலாளர் தம்பிராசா ஐயா மட்டும். தை மாதம் கொழும்புக் கடை ஒன்று கீரிமீன் கருவாடு கேட்டு எழுதியது பதினொரு நாள் திறக்காமல் கிடந்தது. ஐயா மகளின் கலியாண வேலையில் நின்றவராம். கடைக்காரன் வேறு இடத்தில் வாங்கிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் முழு முகவரியையும் தமிழ் எழுத்தில் எடுத்தனான். கருவாடு போடுகிற இராசமலர் அக்கா தன் போனில் தானே தட்டித் திறந்தா. மூதூரிலிருந்து என் கூட்டாளி முனீப் சோதனைக்கு அனுப்பியது உடனே வந்தது. அக்கா அதை எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினா.

ஆனால் மின்னஞ்சல் போகிற வழியில் இருக்கிற ஒவ்வொரு சேர்வரும் இந்தத் தமிழ் முகவரிக்கு ஓம் சொல்லவேண்டும். ஒன்று மறுத்தாலும் திரும்பிவிடும். மறுப்பது உங்களுடையது. எங்கள் கருவாட்டை அங்கே இறக்குகிற ஒரே கம்பனி அது. அதன் கணினிகளைப் பார்ப்பது நீங்கள்.

போன கூட்டத்தில் தம்பிராசா ஐயா சொன்னார், "லண்டனுக்கே போகேல்லையாம். பழசுக்கே போவம், பிள்ளை." புரட்டாதி கடைசி ஞாயிறு கை உயர்த்தி முடிவு எடுக்கப்போகிறார்கள். தோற்றால் முகவரியின் திறப்பு திரும்பவும் அவர் கையில்.

போனில் நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. "கம்பஸை விட்டனிதானே, இதையும் விடு." ஓம், விட்டனான். அங்கே இருக்கப் பிடிக்கவில்லை, விட்டனான். இதை விடமாட்டன்.

திரும்பி வந்த மின்னஞ்சலிலேயே உங்கள் சேர்வரின் பெயர் இருந்தது. அதன் கையேட்டை முழுக்க வாசித்தனான். புதுப் பதிப்பை ஏற்றி, அமைப்பில் ஒரு வரியில் 'இல்லை' என்று கிடப்பதை 'ஓம்' ஆக்கினால் போதும். பழைய முகவரிகளுக்கு ஒன்றும் ஆகாது. எந்த வரி என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறன். எனக்கு வந்து செய்ய ஏலாது, நீங்கள்தான் செய்யவேண்டும்.

செய்தால் எனக்கு ஒன்றும் எழுதவேண்டாம். இராசமலர் அக்காவுக்கு அந்தத் தமிழ் முகவரிக்கே இரண்டு வரி அனுப்புங்கள், கூட்டத்தில் அவவே வாசிக்கட்டும். செய்யாவிட்டால் இன்னொரு முத்திரை வாங்குவன். தபால் கந்தோர் கிட்டத்தான்.

படிப்பை விட்டவள் என்று ஆரிடம் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், கோபமில்லை. அந்த வரியை மட்டும் பார்க்காமல் பிழை என்று சொல்லிவிடாதீர்கள். கோணேசர் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள் தங்கச்சி,
கஜந்தினி