பதினேழாம் எண் ஐரிஸ்

12 மே 1974, தேவிகுளம்

மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கலாம். இந்தப் பருவத்தில் செய்யப்போவதையும் எழுதப்போவதையும் முன்கூட்டியே வரிசைப்படுத்தினால் பயம் கொஞ்சம் அடங்கும்.

1. தண்ணீர் தேங்காதபடி பாத்திகளை உயர்த்துவது, சுண்ணாம்பு கலப்பது.
2. கிழங்கின் முதுகில் வெயில் படும்படி மண்ணுக்கு மேலே தெரியவிடுவது.
3. அழுகல் கண்ட செடியை அன்றே பிடுங்கி எரிப்பது. தயவு தாட்சண்யம் கூடாது.
4. பதினேழாம் எண் செடி. அழுகலைத் தாங்கும் செடி என்று இதை நம்பலாமா?

எஸ்டேட் துரை ஊருக்குத் திரும்பும்போது தந்த ஊதா ஐரிஸையும் மஞ்சள் ஐரிஸையும் ஆறு வருடம் முன்பு நானே மகரந்தம் தொட்டுச் சேர்த்தேன். கீழே தொங்கும் இதழ்களில் தாடி வைத்த பூ. வெயிலில் வாழ்கிற இனம். இந்த மலையின் மழை அதற்கு ஆகாது. விதையில் நாற்பதுக்கு மேல் முளைத்தன. மழைக்கு மழை அழுகி, ஒவ்வொன்றாக எரித்து, இப்போது ஐந்து. அதில் பதினேழுதான் எல்லாவற்றிலும் திடமாக நிற்கிறது. இதுவும் போனால் மறுபடி விதையிலிருந்து தொடங்க எனக்கு வயதில்லை. எழுபத்திரண்டு.

9 ஜூன்

மழை பிடித்துவிட்டது. காலையிலும் மாலையிலும் குடையோடு போய்ப் பார்க்கிறேன். என் மனைவி சிசிலி வாசலில் நின்று சொன்னாள்: “செடி நல்லாத்தான் நிக்குது. இருமுறது நீங்கதான்.”

23 ஜூன்

ஒன்பதும் இருபத்தாறும் போய்விட்டன. கிழங்கு கூழாகி, அந்த நாற்றம். வெளியே நெருப்புப் பிடிக்காததால் அடுப்பிலேயே எரித்தேன். “ஞாயித்துக்கிழமை அடுப்புல கறி வேகும். நம்மூட்டுல மட்டும்தான் சீக்கு வேகுது” என்றாள் சிசிலி. பூசையிலிருந்து வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்ப வெளியே போய்விட்டாள்.

இனி மூன்று.

14 ஜூலை

பதினேழில்.

வெளி இலை அடியில் மஞ்சள். மழை ஈரமாக இருக்கும் என்று நினைத்தேன். விரலால் அழுத்தினேன் — உள்ளே போய்விட்டது. முகர்ந்து பார்க்க வேண்டியதே இல்லை, இருந்தாலும் பார்த்தேன். ஐயோ, இது எப்படி வந்துச்சு? நேத்துகூட நல்லாத்தானே இருந்துச்சு. சரியாப் பாக்கலையா நான்?

இன்றே எரிக்க வேண்டும். எழுதி வைத்திருக்கிறேன்.

15 ஜூலை

செய்யவில்லை.

17 ஜூலை

ஒரு விஷயம் தூங்கவிடவில்லை. என் பாத்தித் தண்ணீர் கீழே சுவக்கீன் தோட்டத்துக்குத்தான் போகிறது. பள்ளிவாசல் ஊர்ப் பவர்ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டிருக்கிறார். இந்த அழுகல் இரண்டுக்கும் தொற்றும் என்று படித்திருக்கிறேன். நான் எரிக்காமல் வைத்திருக்கிற ஒவ்வொரு நாளும் அவருக்கு ஆபத்து. போய்ச் சொன்னேன்.

அவர் சிரித்தார். “உருளையப் பன்னி தின்னு முடிச்சிருச்சு அண்ணாச்சி. ஒங்க சீக்கு வந்தா பட்டினிதான் கெடக்கணும்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்: “கேரட்டு மட்டும் எம்பொஞ்சாதி போட்டது. அதுக்கு எதும் ஆச்சுன்னா ஒங்களுக்கும் எனக்கும் சேத்துதான் கெடைக்கும். பாத்துக்கிடுங்க.”

மாலையில் அவரே மண்வெட்டியோடு வந்தார். இரண்டு பேருமாகத் தண்ணீரை ரோட்டுச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டோம். போகும்போது பதினேழைப் பார்த்துவிட்டு, “இதுதானா அந்த மகாராசா?” என்று கேட்டார்.

20 ஜூலை

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு செடிவரை போனேன். திரும்பி வந்தேன்.

சிசிலிக்குப் பொறுக்கவில்லை. “எரிக்கிறதுன்னா எரிச்சிருங்க. விடுறதுன்னா விட்டுருங்க. நடுவுல நின்னு நனைஞ்சா காய்ச்சல்தான் வரும்.”

மற்றவற்றை எரிக்க நான் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட்டதில்லை. இது இரக்கமா? இல்லை. எரித்துவிட்டால் ஆறு வருடத்துக்கு என்ன பதில் என்ற பயம். எரிக்காவிட்டால் மற்ற இரண்டும் போய்விடும் என்ற பயம். இரண்டில் எது பெரிதென்று எடைபோட்டுக்கொண்டே நாளைக் கடத்துகிறேன்.

2 ஆகஸ்ட்

நடு இலைக்கொத்து சாய்ந்துவிட்டது. தொட்டதும் கையோடு வந்தது. கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தைரியம் இல்லை. முடிந்தது.

சிசிலி கருப்பட்டிக் காப்பி போட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

19 ஆகஸ்ட்

மழை. அந்தப் பக்கம் போகவில்லை.

8 செப்டம்பர்

மாதா பிறந்தநாள். பூசை முடிந்து வரும்போது வெயில் அடித்தது. மிச்சத்தைத் தோண்டி எரித்துவிடலாம் என்று போனேன். அந்த இடத்தில் புல் மண்டியிருந்தது. களைந்தபோது புல்லுக்கு நடுவே, கொஞ்சம் அகலமாக இரண்டு இலைக்கொத்துகள்.

மண்ணை விரலால் விலக்கினேன். தாய்க்கிழங்கு காய்ந்த கூடாகக் கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. பக்கக் கிழங்கு பிரிகிற கழுத்துவரை அழுகல் வந்திருக்கிறது. அங்கே பழுப்பாக ஒரு வடு. அதற்கு அப்பால் கெட்டி. அழுத்தினேன், விரல் இறங்கவில்லை. வேர் வெள்ளையாக இருந்தது. மூன்று முறை அழுத்திப் பார்த்தேன். பக்கத்திலிருந்த மற்ற இரண்டு செடிகளும் நிற்கின்றன.

சுவக்கீன் வீட்டுக்குப் போய்க் கேரட்டைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவர் மனைவி இரண்டைப் பிடுங்கிக் கையில் கொடுத்து, “கடிச்சுப் பாருங்கண்ணே, சீக்குக் கேரட்டா இதுன்னு” என்றாள்.

இரண்டு பக்கக் கிழங்குகளையும் பிரித்து அதே பாத்தியில், அதே மண்ணில் நட்டேன். நடும்போதும் பயம்தான். ஒரு செடியை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. அடுத்த மழையும் பார்க்க வேண்டும்.

ஆனால் மே மாதம் எழுதிய மூன்றாவது குறிப்பு தவறு. நோய் வந்த பிறகு ஒரு செடி என்ன செய்யும் என்று பார்க்க நான் ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. நாற்பது செடிகளை, விரல் இறங்கிய அன்றே, நெருப்பில் வைத்திருக்கிறேன். அவற்றில் எத்தனை அழுகலைக் கழுத்தோடு நிறுத்தியிருக்கும் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.