துள்ளி நடக்கும் பொம்மை

தம்பிக்கு,

நீ செஞ்ச தேயிலை விளம்பரம் எஸ்டேட் தேத்தண்ணிக் கடை டிவியில நாள் முழுக்க ஓடுது. அந்தக் காலத்து கார்ட்டூன் மாதிரியே கோடு நடுங்குது, படத்துல புள்ளி விழுது. கூடையோட ஒரு பொம்பள மலையில துள்ளித் துள்ளி நடக்குறா. பழைய கார்ட்டூன்தான் உனக்கு வாத்தியார்னு பேட்டி குடுத்திருக்க. பரிசும் வாங்கிட்டியாம்.

அந்த நடைய எங்க எடுத்தன்னு மட்டும் பேட்டியில இல்ல. போன தீபாவளிக்கு அம்மா நடக்குறத நீ போன்ல படம் பிடிச்சப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். சரிவுல கூடையோட விழுந்ததுலேருந்து அம்மாவுக்கு வலது கால ஊன முடியல. ஊனினா வலி, சட்டுன்னு தூக்கிடும். உன் பொம்மை அத மியூசிக்குக்கு ஏத்த மாதிரி செய்யுது.

அது அம்மாவோட நடைன்னு எஸ்டேட் மேனேஜருக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தக் கடையில மேசை துடைக்கிற அம்மாவ, டூரிஸ்ட் வந்தா டிவி முன்னால நடந்து காட்டச் சொல்றாரு. அம்மாவும் நடந்து காட்டுது. "என் மவன் வரைஞ்சதுலா"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லுது.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில பார்த்துட்டு, ஆப்பரேஷனுக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாங்க. நடை நேராயிடுமாம். அம்மா வேணாம்னுடுச்சு.

"நேரா நடந்தா, அந்தப் படத்துல இருக்கறது நான்தான்னு அப்புறம் யாரு நம்புவா?"ன்னு கேக்குது.

என் பேச்சு எடுபடல. நீ வந்து சொல்லு. அம்மா நடந்து வந்து கதவு தொறக்கும், அப்ப உன் போனை வெளிய எடுக்காத.

உன் அக்கா