அப்பா சொன்ன பிரசென்ட்

என் செல்ல அப்பாவுக்கு,

அன்றைக்கு நான் சொல்லாதது ஒரே வரிதான்: "நல்ல காரியம் பண்ணீங்கப்பா." சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கொரோனாவில் கல்லூரி மூடிய வருடம். நீடாமங்கலத்தை ஒட்டிய நம் ஊரில், வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்தால்தான் வீடியோ வகுப்புக்கு சிக்னல் கிடைக்கும். எனக்கோ ஒரு மாதமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. மதகு வரை நடப்பதே மலைப்பாக இருந்தது. இன்னும் சில நாள் வராவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று சொல்லியிருந்தார்கள். படிப்பையே விட்டுவிடலாம் என்று நானும் முடிவு செய்திருந்தேன்.

அன்று குறுவை நடவுக்குப் போகும்போது என் போனையும் எடுத்துக்கொண்டு போனீர்கள். நான் எந்தப் பட்டனை அழுத்துகிறேன் என்று பார்த்து வைத்திருந்தீர்கள் போல. மேடம் "கயல்விழி" என்று கூப்பிட்டதும், மதகின் மேல் நின்று சேற்றுக் கையோடு "பிரசென்ட் மேடம்" என்றீர்களாம். கேமரா ஓடிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியாது.

"யாருங்க நீங்க?"

"கயலோட அப்பாங்க. பிள்ளைக்கு மனசு சரியில்லைங்க, எந்திரிக்க மாட்டேங்குது. அதான் அதுக்குப் பதிலா நான் வந்துருக்கேன்."

பின்னால் நடவு நட்ட பெண்கள் விடுவார்களா? "அண்ணே, காலேஜுல சேந்துட்டீங்களா? அப்ப நாத்துக்கட்ட யாரு தூக்கிப் போடுறது?" வகுப்பே சிரித்ததாம்.

வீட்டுக்கு வந்து நீங்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பொத்தி வைத்திருந்ததை அறுபது பேர் முன்னால் சொல்லிவிட்டீர்களே. போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, "தப்பா பாப்பா?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் வெளியே போனதும் போனைப் பார்த்தேன். முதல் செய்தி மன்னார்குடி சபீராவுடையது. "எனக்கும் அப்படித்தான்டி இருக்கு. வீட்ல சொன்னா திமிருங்குறாங்க. உங்கப்பாவ எனக்கும் ஒரு நாள் பிரசென்ட் சொல்லச் சொல்லேன்." அதற்குப் பிறகு இன்னும் நாலைந்து பேர். கேமராவை அணைத்துவிட்டு, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் அழுதுகொண்டிருந்திருக்கிறோம்.

மறுநாள் என்னைக் கைபிடித்து மதகுக்குக் கூட்டிப் போனீர்கள். மேடம் முதல் பத்து நிமிடம் பாடமே எடுக்கவில்லை. எல்லோரும் முகம் காட்டிப் பேசினோம். நீங்கள்தான் அதிகம் பேசினீர்கள்.

போன தையில், அறுவடை முடிந்த கையோடு, நெஞ்சு வலி என்று போய்விட்டீர்கள். உங்களை நேரில் பார்த்தே இராத என் வகுப்புத் தோழிகள் காரியத்துக்கு பஸ் பிடித்து வந்தார்கள். சபீரா உங்களைப் போலவே "பிரசென்ட் மேடம்" என்று நடித்துக் காட்ட, அத்தனை நாள் வாயே திறக்காத அம்மா சிரித்துவிட்டார். துக்க வீட்டில் அப்படிச் சிரிக்கலாமா? நீங்கள் இருந்திருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பீர்கள், இல்லையா?

மனசு சரியில்லாத நாள் இனியும் வரும். வந்தால் பொத்தி வைக்க மாட்டேன் அப்பா. அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுவேன்.

நீங்கள் எனக்காகப் பிரசென்ட் சொன்ன அந்த வாரமே உங்கள் வண்டியில் தஞ்சாவூருக்குப் போய் மனநல டாக்டரைப் பார்த்தோம். ஏழு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். தூக்கம் வந்தது. பரீட்சை எழுதினேன், பாஸானேன். சபீராவும்தான்.

என்றைக்கும் உங்கள் பாப்பா,
கயல்விழி