வராத வலது கை

என்னை நான்கு முறை தோற்கடித்த என் ஆசை அந்தோணிக்கு,

நீ போய் இருபத்தாறு நாள் ஆகிறது. ராயபுரம் கடற்கரைச் சாலையில் காலை ஓட்டத்துக்கு இப்போதும் போகிறேன். ஐம்பதைத் தாண்டிய காலில் ஓட்டமென்ன, நடைதான். பக்கத்தில் நீ வருவதுபோல ஓரமாகவே நடக்கிறேன். பேச ஆள் இல்லை, மாமு. வீடு நிறையப் பிள்ளைகள் இருந்தும், அடி வாங்கின கதையை அடித்தவனிடம்தானே பேச முடியும்?

பாக்சிங் கிளப்பில் உன் படத்தை மாட்டிவிட்டார்கள். 'பதினான்கு வருஷ வெல்டர்வெயிட் சாம்பியன்' என்று கீழே எழுதியிருக்கிறது. அறுபத்தேழு கிலோவுக்குள் நிற்க நீ பட்ட பாட்டை யார் எழுதுவது? ஹார்பரில் ஷிப்ட் முடித்துவிட்டு, சித்திரை வெயிலில் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு எண்ணூர் வரை ஓடுவாய். எடை பார்க்கும் வரை தண்ணீரைக் கொப்பளித்துத் துப்புவாயே தவிர ஒரு வாய் விழுங்க மாட்டாய். பாங்காக்கில் ஜெயித்து வந்த அன்றுகூட முதலில் தண்ணீர்தான் கேட்டாய்.

ஜெயித்தவன் மறுநாள் தோற்றவன் வீட்டில் சாப்பிட வேண்டும் என்பது நம் கிளப் வழக்கம். எங்கள் வண்ணாரப்பேட்டை வீட்டில் நான்கு முறை பிரியாணி சாப்பிட்டிருக்கிறாய். "தோத்துட்டு வர்றது நீ, துன்றது அவரா?" என்று என் வீட்டுக்காரி என்னைத்தான் வாருவாள்.

அந்த நான்காவது சண்டைதான் என்னைத் தூங்க விடவில்லை. மூன்றாவது ரவுண்டில் என் வலது கை உன் இடது கன்னத்தில் இறங்கியது. கை வரும்போது நீ இமைக்கக்கூட இல்லை. இன்னொரு முறை சும்மா ஓங்கிப் பார்த்தேன். அப்போதும் நீ அசையவில்லை. உன் இடது கண் மங்கிவிட்டது என்று அப்போதே புரிந்துவிட்டது. அதன் பிறகு நான் வலது கையை வீசவே இல்லை. பார்வை இல்லாத பக்கத்தில் தோஸ்தை எப்படி அடிப்பது? பத்து ரவுண்டு முடிந்ததும் உன் கையைத் தூக்கினார்கள்.

மறுநாள் சாப்பிடும்போது கேட்டாய்: "இன்னா மாமு, உன் ரைட்டு எங்க போச்சு?"

"தோள்ல புட்ச்சிக்கினு கீதுபா."

நீ பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். அது என்ன பார்வை? உனக்குத் தெரிந்துவிட்டதா?

நான் அடித்திருந்தால் அன்றே தோற்றிருப்பாய். என்மேல் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பாய், மிச்சப் பார்வையாவது தப்பியிருக்கும். நான் விட்டதால் இன்னும் மூன்று வருஷம் அதே கண்ணில் வாங்கினாய். சண்டையெல்லாம் விட்டபிறகு ஒருநாள், "இந்தக் கண்ணு பூட்ச்சிபா. டாக்டராண்ட கண்ணு டெஸ்ட்டு போர்டையே மனப்பாடம் பண்ணித்தான் ஒப்பிச்சேன்" என்று சிரித்தாய். புதிதாகக் கேட்பவன்போல நானும் "அய்யய்யோ" என்றேன். எவ்வளவு பெரிய கோழை நான்!

போன மாதம் எண்ணூர் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது, இடப்பக்கம் வந்த கண்டெய்னர் லாரி உனக்குத் தெரியவில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று உன் மனைவி ரோஸ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கண்ணு எப்பண்ணே போச்சி? உன்னாண்டயாவது சொன்னாரா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டேன். அதிலிருந்து உன் வீட்டுப் பக்கமே போகவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறாள். பேசுகிறேன். ஆனால் அதற்கு முந்தின நாளே வீட்டுக்குப் போய், அவளிடம் மட்டும் அந்த மூன்றாவது ரவுண்டைச் சொல்லிவிடுவேன். சத்தியமாகச் சொல்வேன், மாமு.

அவள் கை ஓங்கினால் தடுக்க மாட்டேன்.

உன்கூடப் பிறக்காத சகோதரன்,
காதர்